கிளட்ச் பெடல் இல்லாத காருக்கு கிளட்ச் பெடல் வைக்கலாமா?

கூமாப்பட்டின்னு சொன்னாலே இப்ப எல்லாரும் "ஓ, அந்த ரீல்ஸ் ஊரா?"ன்னுதான் கேக்கறாங்க. ஆமாங்க, 2025 ஜூன்ல உங்க போன்ல விடாம ஓடுன அதே ஊர்தான். எனக்கு அது அம்மா பிறந்த ஊர். லீவு விட்டா அங்கதான் கிடப்பேன். ஆனா இந்தக் கட்டுரை பிளவக்கல் அணையைப் பத்தி இல்ல, தென்னந்தோப்பைப் பத்தியும் இல்ல. என் மாமா கார் கியர் பாக்ஸைப் பத்தி.

மாமாவுக்கு இடது முட்டியில ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் கிளட்ச் மிதிக்கறது கஷ்டமாயிடுச்சு. அதனால பழைய காரைக் கொடுத்துட்டு, செகண்ட் ஹேண்ட்ல ஒரு சின்ன ஏஎம்டி கார் வாங்கினார். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, அது இங்க முக்கியமில்ல. ரெண்டு வருஷம் நல்லா ஓடுச்சு. போன ஆடி அமாவாசைக்கு சதுரகிரி போறவங்க நாலு பேரை ஏத்திக்கிட்டு தாணிப்பாறை பக்கம் போனார். அன்னிக்கு வத்திராயிருப்பு தாண்டினாலே வண்டி வண்டியா நிக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பத்தடி நகர்றது, நிக்கிறது, மறுபடி பத்தடி. ரெண்டு மணி நேரம் இப்படியே போயிருக்கு. முதல்ல கருகின வாடை. அப்புறம் டேஷ்போர்டுல கியர் படம் போட்ட லைட். அதுக்கப்புறம் நியூட்ரலை விட்டு வண்டி எந்த கியருக்கும் போகமாட்டேன்னுடுச்சு. கயிறு கட்டி இழுத்துட்டுதான் ஊர் வந்து சேர்ந்தாங்க.

சர்வீஸ் சென்டர்ல விசாரிச்சா, ஆக்சுவேட்டர் செட் மொத்தமா மாத்தணும்னு அரை லட்சத்துக்கு மேல ஒரு தொகை சொன்னாங்க. ஊர்ல பட்டறை வச்சிருக்கிற அண்ணன் வந்து பார்த்தார். "இந்த மோட்டார் கீட்டாரெல்லாம் கழட்டி எறிஞ்சிட்டு கிளட்ச் பெடல் வச்சிரலாம் தம்பி. இதே மாடல்ல மேனுவல் வண்டி ஒண்ணு உடைக்கறதுக்கு வந்திருக்கு, சாமான் பூரா கிடைக்கும்"னார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, நீதான மெக்கானிக்கல் படிக்கிற? செய்யலாமா, வேண்டாமா?"

ஏழு செமஸ்டர் முடிச்சவன் நான். கியர் ரேஷியோ கணக்குப் போட்டு மார்க் வாங்கியிருக்கேன். ஆனா அந்தக் கேள்விக்கு அந்த இடத்துல என்கிட்ட பதில் இல்ல. அடுத்த பத்து நாள் அதைத்தான் படிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன். உங்க வீட்லயும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரலாம்.

முதல்ல அடிப்படை. ஓடுற இன்ஜின் சும்மா நிக்கும்போதே நிமிஷத்துக்கு 700, 800 தடவை சுத்திக்கிட்டு இருக்கும். அதுக்குக் கீழ போனா அணைஞ்சிடும். ஆனா நிக்கிற வண்டியோட சக்கரம் பூஜ்யம். சுத்துற ஒண்ணையும் நிக்கிற ஒண்ணையும் உடையாம சேர்த்து வைக்க நடுவுல ஏதாவது வேணும் இல்லையா? மேனுவல் வண்டியில அந்த வேலையைச் செய்றது கிளட்ச் பிளேட். ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, கொஞ்ச நேரம் வழுக்கி, அப்புறம் இறுகப் பிடிக்கும். நம்ம இடது கால் செய்றது அந்த வழுக்கலை அளவா விடுற வேலை. அவ்வளவுதான்.

'ஆட்டோமேட்டிக்'னு நாம ஒரே பேர்ல சொல்றதுக்குள்ள ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத பல ஜாதி இருக்கு. மாத்த முடியுமான்னு கேக்கறதுக்கு முன்னாடி, எதை மாத்தணும்னு கேக்கணும்.

உங்க காலேஜ் பார்க்கிங்ல நிக்கிற ஸ்கூட்டர் ஒரு ஜாதி. 1984ல கைனெடிக் ஹோண்டா வந்த காலத்துல இருந்து நம்ம ஊர் கியர் இல்லாத ஸ்கூட்டரெல்லாம் இதே வழிதான். ஒரு பெல்ட், அதோட ரெண்டு முனையிலயும் அகலம் மாறுற புல்லி, பின்னாடி சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச். இன்ஜின், பெல்ட் கேஸ், பின் சக்கரம் மூணும் ஒரே கட்டு. அதுல கியர் பாக்ஸ் வைக்க இடமே கிடையாது. ஸ்கூட்டியை கியர் வண்டியா மாத்தலாமான்னு யாராவது கேட்டா, தைரியமா முடியாதுன்னு சொல்லிடுங்க. சிவிடி கார்லயும் பெல்ட்தான், இரும்புல செஞ்ச பெல்ட். அதை மேனுவலாக்கணும்னா மொத்த பாக்ஸையும் கழட்டி வேற பாக்ஸ் வைக்கணும்.

டார்க் கன்வெர்ட்டர் வண்டிதான் பழைய, அசல் ஆட்டோமேட்டிக். அதுல கிளட்ச் பிளேட் இடத்துல எண்ணெய் நிறைஞ்ச ஒரு பானை இருக்கு. உள்ள எதிரெதிரா ரெண்டு காத்தாடி. இன்ஜின் சுத்துற காத்தாடி எண்ணெயைத் தள்ளும், அந்த எண்ணெய் போய் கியர் பாக்ஸ் பக்கத்துக் காத்தாடியைச் சுத்தும். ரெண்டுக்கும் நடுவுல ஸ்டேட்டர்னு ஒண்ணு திரும்பி வர்ற எண்ணெயைத் திசை மாத்திக் கொடுக்கறதால, நின்ன இடத்துல இருந்து கிளம்பும்போது டார்க் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும். வண்டி எவ்வளவு நேரம் ஊர்ந்தாலும் சூடாகறது எண்ணெய், அதைக் குளிர வைக்க கூலர் இருக்கு. தாணிப்பாறை ரோட்டுக்கு லாயக்கான வண்டின்னா அதுதான்.

அதை மேனுவலா மாத்துறது வெளிநாட்டுல பெரிய பொழுதுபோக்கு. டிரிஃப்ட் ஓட்டுறவங்க பழைய பிஎம்டபிள்யூ ஈ46 ஆட்டோமேட்டிக்கை மலிவா வாங்கி மாத்துவாங்க. நாலாவது தலைமுறை டொயோட்டா சுப்ராவுல கெட்ராக் ஆறு கியர் பாக்ஸ் வச்சுப்பாங்க. வீடியோல பார்த்தா ஒரு பாக்ஸை இறக்கி இன்னொண்ணை ஏத்துற மாதிரிதான் தெரியும். நிஜத்துல பாக்ஸ் கால்வாசி வேலைதான்.

ஆட்டோமேட்டிக்ல கிராங்க் ஷாஃப்ட் முனையில மெல்லிசா ஒரு ஃப்ளெக்ஸ் பிளேட்தான் இருக்கும். அதை எடுத்துட்டு கனமான ஃப்ளைவீல் போடணும். பின் சக்கரம் இழுக்கிற வண்டின்னா கிராங்க் முனையில பைலட் பேரிங் உக்கார ஒரு குழி வேணும். சில ஆட்டோமேட்டிக் இன்ஜின்ல அந்தக் குழியைச் சரியான அளவுக்கு கடைஞ்சே இருக்கமாட்டாங்க. புது பாக்ஸோட நீளம் வேறன்னா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வேற நீளம். பாக்ஸைத் தாங்குற குறுக்குச் சட்டம் வேற இடம். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்கு ஃபயர்வால்ல ஓட்டை. பெடல் செட் மொத்தமா வேற. டிஃபரன்ஷியல் ரேஷியோவும் பொருந்தலைன்னா ஹைவேயில இன்ஜின் கத்திக்கிட்டே வரும், இல்ல ஏத்தத்துல மூச்சு வாங்கும்.

இதெல்லாம் இரும்பு. இரும்பைச் சமாளிச்சுடலாம். தலைவலி வயர்ல இருக்கு. ஆட்டோமேட்டிக் கார்ல கியர் பாக்ஸுக்குன்னு தனி கம்ப்யூட்டர், டிசியூ. அதுவும் இன்ஜினோட ஈசியூவும் நொடிக்கு நூத்துக்கணக்குல செய்தி அனுப்பிப் பேசிக்கிட்டே இருக்கும். "கியர் மாத்தப் போறேன், டார்க்கைக் கொஞ்சம் குறை", "இப்ப ரெண்டாவது கியர்"ன்னு. டிசியூவைப் பிடுங்கிட்டா ஈசியூவுக்கு அது கூட்டாளி காணாமப் போன மாதிரி. உடனே லைட்டைப் போட்டு, பவரைக் குறைச்சு, நொண்டி ஓட்டத்துக்குப் போயிடும். பார்க் அல்லது நியூட்ரல்ல இருந்தாத்தான் ஸ்டார்ட் ஆகணும்னு ஒரு சுவிட்ச் இருக்கு, லீவர் போனதும் அதுவும் போச்சு. சிலதுல ரிவர்ஸ் லைட்டும் அதே சுவிட்சுலதான். சாவியே பார்க்ல வச்சாத்தான் வெளிய வரும்னு இருக்கிற வண்டியில சாவி உள்ளயே மாட்டிக்கும். (இதைப் படிச்சப்ப ராத்திரி ஒரு மணி. தனியா சிரிச்சுட்டு இருந்தேன்.) இதையெல்லாம் 'இது மேனுவல் வண்டி'ன்னு நம்ப வைக்க ஈசியூவுக்குப் புது புரோகிராம் ஏத்தணும், இல்லைன்னா மேனுவல் வண்டியோட ஈசியூவைக் கொண்டு வரணும். அப்படிக் கொண்டு வந்தா இம்மொபிலைசர் உங்க சாவியை 'யார் நீ?'ன்னு கேக்கும். அதுக்குத் தனியா கோடிங்.

இப்ப மாமா வண்டிக்கு வருவோம். அது இதுல எதுவுமே இல்ல.

ஏஎம்டிங்கிறது மேனுவல் கியர் பாக்ஸ்தாங்க. அதே பல்சக்கரம், அதே சிங்க்ரோ, அதே கிளட்ச் பிளேட். மேல ஒரு ரோபோவை உக்கார வச்சு உங்க இடது காலையும் இடது கையையும் அதுக்குக் கொடுத்திருக்காங்க. ஒரு சின்ன பம்ப் எண்ணெயை அழுத்தி வச்சுக்கும். சோலனாய்டு வால்வு திறந்தா அந்த அழுத்தம் கிளட்சைத் தள்ளும், கியர் கம்பியை நகர்த்தும். சில கம்பெனி எண்ணெய்க்குப் பதிலா மின் மோட்டார் வைக்கும். நம்ம நாட்டுல சாமானியர் வாங்குற விலைக்கு இது வந்தது 2014 பிப்ரவரியில, மாருதி செலெரியோவுல. ரோபோ பாகம் இத்தாலியின் மேக்னெட்டி மாரெல்லியோட தொழில்நுட்பம்.

அந்தப் பேரைத் தேடிப் போனப்பதான் எனக்கு ஆச்சரியம். 1989ல ஃபெராரி தன்னோட 640 ரேஸ் கார்ல ஸ்டீயரிங் பின்னாடி துடுப்பு வச்சு, கிளட்ச் மிதிக்காம கியர் மாத்த வச்சது. 1997ல அதே யோசனையை ரோட்டுக்குக் கொண்டு வந்தாங்க, எஃப்355 எஃப்1னு பேர். மேனுவல் பாக்ஸ் மேல மாரெல்லியோட ஹைட்ராலிக் ரோபோ! அதாவது மாமா வண்டிக்கும் அந்த ஃபெராரிக்கும் கியர் பாக்ஸ் வழியில ஒண்ணுவிட்ட சொந்தம். இதை மாமாகிட்ட சொன்னேன். "அப்ப அரை லட்சம் கேக்கறது நியாயம்தான்"னார்.

இன்னும் கேளுங்க. எஃப்430 வரைக்கும் ஃபெராரி மேனுவலும் வித்தது, ரோபோவும் வித்தது. வாங்கினவங்க பெரும்பாலும் ரோபோவைத்தான் வாங்கினாங்க. அடுத்து வந்த 458ல மேனுவலே கிடையாது. உடனே பழைய மேனுவல் வண்டிக்கு மவுசு ஏறிப்போச்சு. இப்ப அமெரிக்காவுல எஃப்430 மாதிரி வண்டிகள்ல ரோபோவைக் கழட்டி, கிளட்ச் பெடலும் பளபளன்னு இரும்பு கேட் வச்ச கியர் லீவரும் மாட்டிக் கொடுக்கறதையே தொழிலா வச்சிருக்கிற கடைகள் இருக்கு. பாக்ஸ் அதேதான், மேல இருக்கிறது மட்டும் மாறும். நம்ம பட்டறை அண்ணன் மாமாகிட்ட சொன்னதும் அச்சு அசல் அதே வேலைதான்.

ஆக, தொழில்நுட்பமா முடியுமான்னா, முடியும். முன் சக்கரம் இழுக்கிற சின்ன கார், ஷாஃப்ட் நீளப் பிரச்னை இல்ல. பாக்ஸை மாத்த வேண்டியதில்ல, இல்லைன்னா உடைச்ச வண்டியோட பாக்ஸை அப்படியே ஏத்திடலாம். பெடல் செட், கிளட்ச் கேபிள், கியர் லீவர், அதுக்கு ரெண்டு கேபிள், ஈசியூ, மீட்டர். ஆட்டோமேட்டிக் மாத்துறதிலேயே இதுதான் சுலபமான கேஸ்.

ஆனா இந்தியாவுல செய்யலாமான்னா அது வேற கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சியில இருக்கிற விவரம் கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை உரிமையாளர் மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏன்னு ஒரு பிரிவு: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டுமே. கியர் பாக்ஸ்னு ஆர்சியில தனிக் கட்டம் இல்லையேன்னு அண்ணன் வாதாடினார். ஆனா பல ஆர்சியில மாடல் பேரோட வாலிலேயே ஏஎம்டின்னு ஒட்டியிருக்கும். மாமா ஆர்சியிலயும் இருந்துச்சு. போலீஸ் யாரும் குனிஞ்சு பெடலை எண்ணப் போறதில்லைங்கிறது உண்மைதான். ஆனா ஒரு விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ் சர்வேயர் எண்ணுவார். பின் சீட்ல நாலு பேரை ஏத்திட்டுப் போற மனுஷனுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

சட்டத்துல எனக்குப் பிடிச்ச ஒரு இடமும் இருக்கு. மாற்றுத்திறனாளிகள் ஓட்டுறதுக்காக, ஆர்டிஓ அனுமதியோட வண்டியை மாத்திக்கலாம். மேனுவல் கார்ல கையால பிடிக்கிற கிளட்ச் வைக்கிறதெல்லாம் அந்த வழியில வர்றதுதான். கால் வேலையைக் குறைக்கிற பக்கம் சட்டம் கதவைத் திறந்து வச்சிருக்கு. நாங்க அந்தக் கதவுல எதிர்த் திசையில போக இருந்தோம்.

இதை நான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி வீட்ல விளக்கிட்டு இருந்தப்ப அத்தை அடுப்படியில இருந்தே கேட்டாங்க: "அதெல்லாம் இருக்கட்டும். பெடல் வச்சப்புறம் யார் மிதிக்கிறது? இவர் முட்டி என்ன புதுசா முளைச்சிருக்கா?"

நாங்க மூணு பேரும், ஒரு மெக்கானிக், ஒரு மெக்கானிக்கல் ஸ்டூடண்ட், முட்டியோட சொந்தக்காரர், யாருமே இதை யோசிக்கல. பணத்தையும் சாமானையும் மட்டும் எண்ணிட்டு இருந்திருக்கோம்.

சரி, அப்ப வண்டி ஏன் நின்னுச்சு? இதைக் கொஞ்சம் கணக்கா பார்ப்போம். டார்க் கன்வெர்ட்டர் மாதிரி ஏஎம்டிக்கு எண்ணெய்ப் பானை இல்ல. ஊர்ந்து போகும்போது பிளேட் வழுக்கித்தான் ஆகணும். ஒரு உதாரணத்துக்கு, 30 நியூட்டன் மீட்டர் டார்க், இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் 800 ஆர்பிஎம் வித்தியாசம்னு வச்சுக்கங்க. 800 ஆர்பிஎம்னா நொடிக்கு ஏறக்குறைய 84 ரேடியன். பெருக்கினா சுமார் 2,500 வாட். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பை ஃபுல்லா வச்சா கிட்டத்தட்ட 2,000 வாட். அதைவிட அதிக சூடு, காத்துப் போகாத ஒரு பெல் ஹவுசிங்குக்குள்ள, ரெண்டு மணி நேரம் விட்டு விட்டு. மேனுவல் ஓட்டுறவர் கால் வலிச்சு, முன்னாடி வண்டி ஐம்பது அடி போகட்டும்னு காத்திருப்பார். ஏஎம்டியில வலிக்கிறதுக்குக் கால் இல்ல. ரோபோ சொன்ன வேலையைச் செஞ்சுக்கிட்டே இருக்கும். இதைவிட மோசமான பழக்கம் ஏத்தத்துல பிரேக் பிடிக்காம ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சு வண்டியை நிறுத்தி வைக்கிறது. மாமா அதை ரொம்ப ஸ்டைலா செய்வார்.

பிளேட் தேயத் தேய அது பிடிக்கிற இடம் நகரும். ரோபோ அந்த இடத்தை அளந்து அளந்து ஞாபகம் வச்சுக்கும். ஒரு எல்லைக்கு மேல நகர்ந்துட்டா, கணக்கு ஒத்துவரலைன்னு கியரே போடாம நின்னுடும். பார்க்கிறவங்களுக்கு ரோபோ செத்த மாதிரி தெரியும். சொல்லப்போனா அது தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு.

இது என் சந்தேகமா மட்டும்தான் இருந்துச்சு. ராஜபாளையத்துல இருந்து ஸ்கேனர் வச்சிருக்கிற ஒருத்தரை வரவழைச்சோம். லேப்டாப்பைச் சொருகினார். பம்ப் அழுத்தம் ஏறுது, வால்வு எல்லாம் வேலை செய்யுது, கோளாறு கோடு கிளட்ச் தேய்மானத்தைக் காட்டுது. ஆக்சுவேட்டர் செட் மாத்த வேண்டிய அவசியமே இல்ல. கிளட்ச் செட்டும் எண்ணெயும் போதும்.

பாக்ஸை இறக்கினது நம்ம பட்டறை அண்ணன்தான். நானும் கூட இருந்தேன். பிளேட் ரிவெட் தெரியிற அளவுக்குத் தேஞ்சு, ஃப்ளைவீல் நீலம் பாரிச்சு இருந்துச்சு. அண்ணன் பிளேட்டைக் கையில திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது நம்ம சாதா வண்டி பிளேட்டுடா. உள்ள பூரா நமக்குத் தெரிஞ்சதுதான். மேல இருக்கிற பொட்டியைப் பார்த்துத்தான் பயந்துட்டேன்." புது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மாட்டி, பாக்ஸை ஏத்தி, எண்ணெய்ல காத்தை எடுத்து, கடைசியா ஸ்கேனர்ல கிளட்ச் லேர்னிங் கொடுத்தோம். புது பிளேட் எங்க பிடிக்குதுன்னு ரோபோ தானே தடவித் தடவிக் கத்துக்கிற சடங்கு அது. வண்டிக்குள்ளிருந்து டிக் டிக்னு சத்தம் வந்துச்சு. இதைச் செய்யாம விட்டா புது கிளட்ச் போட்டும் வண்டி உதறும், இல்ல கிளம்பவே கிளம்பாது. யாராவது ஏஎம்டிக்கு கிளட்ச் மாத்தினா இதைக் கட்டாயம் கேளுங்க. சர்வீஸ் சென்டர் சொன்னதுல மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் கம்மியா வேலை முடிஞ்சுது.

இப்ப மாமா கூட்டத்துல முன்னாடி ஒரு வண்டி இடம் விட்டுத்தான் நகர்றார். பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்னு விட்டுட்டார். ஏத்தத்துல கால் பிரேக்குக்குப் போகுது, பாதி நேரம் அத்தை பக்கத்துல இருந்து சொன்னதுக்கப்புறம். ரொம்ப நேரம் நிக்கணும்னா நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக்.

உடைச்ச வண்டியில இருந்து எடுத்த பெடல் செட் இன்னும் பட்டறைச் சுவத்துல தொங்குது. மேனுவல் வண்டி வச்சிருக்கிற யாருக்காவது வேணும்னா சொல்லச் சொன்னார் அண்ணன், கேபிளோட சேர்த்துத் தர்றாராம்.